எல்லை நகரத்துப் பாரவூர்திகள்: காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி தருபவர் யார்?

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், பசுபிக் சமுத்திரமும் மெக்ஸிக்கோ எல்லையும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது சான் டியாகோ நகரம். கடற்கரைகளுக்கும் கடற்படைத் தளத்துக்கும் பெயர்பெற்ற இந்நகரின் மையப் பகுதியிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால், எல்லை வேலியை ஒட்டிய மேட்டு நிலமொன்றில் களஞ்சியசாலைகளும் பாரவூர்தித் தரிப்பிடங்களும் நிறைந்த ஒட்டாய் மேசா என்னும் பகுதியை அடையலாம். உல்லாசப் பயணிகள் இங்கு வருவதில்லை. ஆயினும் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் அளவிலான பாரவூர்திகள் மெக்ஸிக்கோவிலிருந்து இவ்வழியாகவே அமெரிக்காவுக்குள் நுழைகின்றன. மெக்ஸிக்கோ எல்லையில் டெக்ஸாஸ் மாநிலத்தின் லாரெடோவுக்கு அடுத்தபடியாக அதிக பாரவூர்திகள் கடக்கும் வாயில் இதுவேயாகும்.

இங்கிருந்து சரக்கேற்றிச் செல்லும் சாரதிகளில் கணிசமானோர் தமது வாகனத்துக்குத் தாமே உரிமையாளர்கள். சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர் எவருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது எம்மிடையே நிலவும் பொதுவான எண்ணம். அமெரிக்காவிலும் அந்த எண்ணமே நீண்டகாலமாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. ஆனால் ஒட்டாய் மேசாவின் நிலைமையைச் சற்று உற்றுநோக்கினால், வண்டியின் உரிமையோடு சேர்த்து வேறொன்றும் இச்சாரதிகளின் தலையில் சுமத்தப்பட்டிருப்பது தெரியவரும். காத்திருக்கும் நேரத்தின் இழப்பே அது.

முதலில் இவ்வெல்லையின் சரக்கோட்டம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நோக்குவோம். எல்லையின் மறுபுறமுள்ள டிஹுவானா நகரில் தொலைக்காட்சிப் பெட்டிகள், மருத்துவ உபகரணங்கள், வாகனங்கள் எனப் பலவும் உற்பத்தியாகின்றன. 1965 ஆம் ஆண்டு மெக்ஸிக்கோ அரசாங்கம் ஆரம்பித்த எல்லைத் தொழிற்சாலைத் திட்டத்தின் வழியே வளர்ந்த தொழில்கள் இவை. டொயோட்டா நிறுவனம் 2004 முதல் இங்கு வாகனங்களைத் தயாரித்து வருகின்றது. தொழிற்சாலையிலிருந்து புறப்படும் சரக்குப் பெட்டி ஒரே வண்டியில் அமெரிக்கக் களஞ்சியசாலையைச் சென்றடையும் என்று நினைத்தால் அது தவறாகும். மெக்ஸிக்கோவின் நெடுந்தூர வண்டி அதை எல்லை வரை கொண்டுவருகின்றது. எல்லையைக் கடப்பதற்கென்றே இயங்கும் குறுந்தூர வண்டியொன்று அதனை இழுத்துக்கொண்டு ஒட்டாய் மேசாவில் விட்டுவிட்டுத் திரும்புகின்றது. பின்னர் அமெரிக்க வண்டியொன்று அதனை ஏற்றுக்கொண்டு வடக்கே செல்கின்றது. ஒரு பெட்டிக்கு மூன்று வண்டிகள், மூன்று சாரதிகள்.

இந்த விசித்திரமான ஏற்பாட்டுக்குப் பின்னால் நீண்ட அரசியல் உண்டு. 1994 இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்படி, 1995 டிசம்பரில் எல்லை மாநிலங்கள் மெக்ஸிக்கோ வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டிருக்க வேண்டும். தொழிற்சங்கங்களின் எதிர்ப்பையடுத்து ஜனாதிபதி கிளின்டனின் நிர்வாகம் அதனை ஒத்திவைத்தது. 2001 இல் நடுவர் குழு மெக்ஸிக்கோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2007 இல் ஆரம்பிக்கப்பட்ட பரீட்சார்த்தத் திட்டத்தை 2009 இல் காங்கிரஸ் நிறுத்தவே, மெக்ஸிக்கோ அமெரிக்கப் பொருட்கள் பலவற்றின் மீது பதிலடி வரி விதித்தது. 2011 இல் மீண்டும் ஒரு பரீட்சார்த்தம் தொடங்கி, 2015 ஜனவரியிலேயே தகுதி பெற்ற நிறுவனங்களுக்கு நெடுந்தூரப் பயண அனுமதி வழங்கப்பட்டது. அதன் பின்னரும் பெரும்பாலான மெக்ஸிக்கோ வண்டிகள் எல்லையை ஒட்டிய வணிக வலயத்துக்குள்ளேயே நின்றுகொள்கின்றன. கைமாற்றும் முறைக்குப் பழகிய தரகர்களும் சுங்க முகவர்களும் அதனையே தொடர்கின்றனர்.

கைமாற்றம் ஒவ்வொன்றும் ஒரு காத்திருப்பாகும். வடக்கு நோக்கி வரும் வண்டி மெக்ஸிக்கோ சுங்கப் பகுதியைக் கடந்து, அமெரிக்க சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புப் பிரிவின் சாவடிக்கு வர வேண்டும். சரக்கு விபரம் இலத்திரனியல் முறையில் குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்னதாகவே அனுப்பப்பட்டிருக்க வேண்டும். முன்கூட்டியே பாதுகாப்புச் சோதனைக்குட்பட்டு விரைவுப் பாதைக்குத் தகுதிபெற்ற நிறுவனங்களுக்கு அரை மணித்தியாலம் போதும். சந்தேகம் எழுந்தால் ஊடுகதிர்ப் பரிசோதனை. உணவுப் பொருளாயின் அதற்குரிய அதிகாரிகளின் பரிசோதனை வேறு. அதன்பின் கலிபோர்னியா நெடுஞ்சாலைப் பொலிஸாரின் சோதனை நிலையம். அங்கு தடுப்புக் கருவி, சில்லு, விளக்கு ஆகியன பார்க்கப்பட்டு, சரியாக இருந்தால் மூன்று மாதங்களுக்குச் செல்லுபடியாகும் ஒட்டுச்சீட்டு வழங்கப்படுகின்றது. இவற்றில் எங்கு தாமதம் ஏற்படினும் அது முன்னறிவித்தலின்றியே ஏற்படுகின்றது.

எல்லையின் இப்பக்கத்தில், அந்தப் பெட்டிக்காகக் களஞ்சியசாலை முற்றத்தில் நிற்கும் சாரதி இவ்வரிசையைக் காண்பதில்லை. காலை 8 மணிக்கு ஏற்றலாம் என்று தரகர் கூறியிருப்பார். பெட்டி நண்பகலுக்கே வந்துசேரும். இரண்டு மணி நேரம் வரையான காத்திருப்பு இலவசம் என்பது இத்தொழிலின் எழுதப்படாத விதி. பல ஒப்பந்தங்களில் எழுதப்பட்ட விதியுமாகும். அதற்கு மேற்பட்ட நேரத்துக்குத் தாமதக் கட்டணம் கோரலாம் என்றிருந்தாலும், அதனைப் பெற வாயிற்பதிவு நேரமும் களஞ்சியசாலை அதிகாரியின் கையொப்பமும் வேண்டும். கையொப்பம் கேட்டுச் சண்டையிடும் சாரதிக்கு அடுத்த வாரம் அங்கு வேலை கிடைக்குமா என்பது வேறு விடயம்.

காத்திருப்பினால் இழக்கப்படுவது அந்த நேரம் மட்டுமன்று. அமெரிக்கச் சமஷ்டி விதிகளின்படி, பாரவூர்திச் சாரதி பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் 11 மணித்தியாலங்கள் மட்டுமே ஓட்டலாம். அந்த 11 மணித்தியாலங்களும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலங்களுக்குள் அடங்க வேண்டும். முற்றத்தில் நிற்கும்போதும் இந்த 14 மணிக் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளில் இலத்திரனியல் பதிவுக் கருவி கட்டாயமாக்கப்பட்டதால், முன்னர் காகிதப் பதிவேட்டில் செய்துகொள்ளப்பட்ட 'சரிக்கட்டல்கள்' இப்போது இலகுவல்ல. 150 வான் மைல் சுற்றளவுக்குள் ஓடி அன்றைய தினமே திரும்புவோருக்குக் கருவியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் 14 மணித்தியால வரம்பிலிருந்து அவர்களுக்கும் விடுதலை இல்லை.

உதாரணமாக, அதிகாலை 5 மணிக்கு வேலை தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாலை 7 மணிக்கு அவரது நாள் முடிந்துவிடும். ஒட்டாய் மேசாவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ், லோங் பீச் துறைமுகங்கள் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ளன. கலிபோர்னியாவில் பாரவூர்திகளுக்கான வேக எல்லை மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீற்றர். நெரிசலற்ற வீதியாயின் போய்வர ஐந்து மணி நேரம் போதும். ஒரு நாளில் இரண்டு பயணங்கள் கைகூடலாம். காலையில் நான்கு மணி நேரம் முற்றத்தில் கழிந்தால் இரண்டாவது பயணம் இல்லை. சாரதியின் வருமானம் பயணக் கணக்கிலேயே தங்கியிருப்பதால், அன்றைய வருமானத்தின் பாதி போய்விட்டது.

இதில் சாரதி மாத்திரம் பாதிக்கப்படுவதாகவும் கருத முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பரிசோதகர் நாயகம் 2018 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏற்றி இறக்கும் இடத்தில் செலவாகும் நேரம் சராசரியாக 15 நிமிடங்கள் கூடினால் எதிர்பார்க்கப்படும் விபத்து வீதம் 6.2 சதவீதத்தால் அதிகரிக்கின்றது. முழுச் சுமை ஏற்றும் துறையில் தாமதங்களினால் சாரதியொருவரின் ஆண்டு வருமானம் 1,281 முதல் 1,534 டொலர் வரை குறைவதாகவும் அவ்வறிக்கை மதிப்பிட்டிருந்தது. இழந்த நேரத்தை வீதியில் ஈடுசெய்ய முயல்வோர் வேகமாக ஓட்டுகின்றனர், களைப்புடன் ஓட்டுகின்றனர். 36 தொன் வரை நிறையுள்ள வண்டிக்கு முன்னால் செல்லும் சிறிய காரிலுள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது.

சான் டியாகோவின் புவியியலும் சாரதிகளுக்குச் சாதகமாக இல்லை. மேற்கே கடல், தெற்கே எல்லை, கிழக்கே மலையும் பாலைவனமும். நகருக்கென்று துறைமுகம் இருந்தாலும் அது வாழைப்பழம் உள்ளிட்ட பழவகைகளையும் கப்பலில் வந்திறங்கும் வாகனங்களையும் கையாளும் துறைமுகமே தவிர, பெரும் கொள்கலன் துறைமுகம் அன்று. கொள்கலன்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலேயே இறங்குகின்றன. ஆகவே எல்லைச் சரக்கைத் தவறவிட்டவருக்கு நகருக்குள் மாற்றுச் சரக்குத் தேடுவது கடினம். வெறும் வண்டியுடன் வடக்கே செல்ல நேர்ந்தால் அந்த 200 கிலோமீற்றருக்கும் டீசல் செலவு அவருடையது. 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் சராசரி டீசல் விலை கலனுக்கு 5.81 டொலராக உயர்ந்தபோது, கலிபோர்னியாவில் அது 6 டொலரையும் தாண்டியிருந்தது. ஒரு கலனில் ஆறு அல்லது ஏழு மைல் மட்டுமே ஓடும் வண்டிக்கு அந்த வெறும் பயணமே நூறு டொலருக்கு மேற்பட்ட நட்டமாகும்.

செலவுகளின் பட்டியல் டீசலுடன் முடிவதில்லை. மாநிலங்களுக்கிடையே சாதாரண சரக்கேற்றும் வண்டிக்குச் சட்டப்படி குறைந்தது 750,000 டொலர் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். நடைமுறையில் தரகர்கள் கேட்பது பத்து இலட்சம். கலிபோர்னியாவின் வளி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 2023 ஜனவரி முதல், அநேகமாக எல்லாக் கனரக டீசல் வண்டிகளும் 2010 அல்லது அதற்குப் பிந்திய ரக இயந்திரத்தைக் கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் பதிவு புதுப்பிக்கப்படாது. ஒட்டாய் மேசாவின் குடியிருப்புகளில் வாழும் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றைக் கருதினால் இவ்விதியில் நாம் குறை காண மாட்டோம். ஆயினும் புதிய வண்டியொன்றின் விலை ஒன்றரை இலட்சம் டொலர் அளவிலும் அதற்கு மேலும் இருக்கும்போது, சுத்தமான காற்றுக்கான செலவைச் சரக்கின் சொந்தக்காரரான பெரு நிறுவனம் ஏற்காமல், வண்டியின் சொந்தக்காரரான தனிமனிதர் ஏற்க வேண்டியிருப்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

கடன் பெற்று வண்டி வாங்குவோரின் நிலை இன்னும் மோசமானது. வண்டியை நிறுவனத்திடமிருந்தே தவணை முறையில் பெற்று, அந்நிறுவனத்துக்கே ஓட்டி, கூலியிலிருந்து தவணையைக் கழித்துக்கொள்ளும் முறை கலிபோர்னியாத் துறைமுகங்களில் பரவலாக இருந்தது. வாரம் முழுவதும் உழைத்தும் கழிவுகள் போக ஒன்றும் மிஞ்சாத சாரதிகளைப் பற்றி 2017 இல் 'யூ.எஸ்.ஏ. டுடே' பத்திரிகை விரிவான புலனாய்வுத் தொடரொன்றை வெளியிட்டது. வேலையை விட்டால் வண்டியும் போய்விடும், அதுவரை கட்டிய பணமும் போய்விடும். இவ்வாறான ஒப்பந்தங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று சமஷ்டி அரசாங்கம் நியமித்த செயலணியொன்று 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். இச்சாரதி முதலாளியா, தொழிலாளியா என்ற கேள்வி கலிபோர்னியாவில் பல ஆண்டுகளாக வழக்காடப்பட்டது. 2018 இல் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் 'டைனமெக்ஸ்' வழக்கில் மூன்று பகுதிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தது. வேலை செய்பவர் கம்பனியின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கம்பனியின் வழமையான தொழிலுக்குப் புறம்பான வேலையைச் செய்பவராக இருக்க வேண்டும். தனக்கெனச் சுயாதீனமான தொழிலொன்றை நடத்துபவராகவும் இருக்க வேண்டும். மூன்றும் நிரூபிக்கப்படாவிடில் அவர் ஊழியரே. 2019 செப்டெம்பரில் 'ஏ.பி. 5' என்ற பெயரில் இது சட்டமாக்கப்பட்டது. சரக்கேற்றும் கம்பனிக்குச் சரக்கேற்றிக் கொடுப்பவர் இரண்டாவது நிபந்தனையைப் பூர்த்திசெய்வது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இச்சட்டத்துக்கு எதிரான பிரதான வழக்கு விசாரிக்கப்பட்டது சான் டியாகோவிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்திலேயே என்பது குறிப்பிடத்தக்கது. கலிபோர்னியா பாரவூர்திச் சங்கத்தின் மனு மீது நீதிபதி ரொஜர் பெனிட்டெஸ், சட்டம் அமுலுக்கு வரவிருந்ததற்கு முதல் நாளான 2019 டிசம்பர் 31 இல் இத்துறைக்கு மட்டும் இடைக்காலத் தடை விதித்தார். 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. 2022 ஜூன் 30 இல் நாட்டின் உயர் நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. அதனையடுத்து ஜூலை மாதம் ஒக்லாந்து துறைமுகத்தின் வாயில்களைச் சாரதிகள் பல நாட்கள் மறித்தனர். இறுதியில் 2024 மார்ச்சில் அதே நீதிபதி பெனிட்டெஸ் சட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்.

வாயில்களை மறித்தவர்கள் கம்பனிகளின் ஆட்கள் அல்லர். சொந்த வண்டி வைத்திருந்த சாரதிகளே தம்மை ஊழியர்களாக்க வேண்டாம் என்று வீதியில் நின்றனர். மறுபுறம், 'டீம்ஸ்டர்ஸ்' தொழிற்சங்கம் அதே சாரதிகளைப் பாதுகாக்கவே இச்சட்டம் என்று கூறியது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்பதே எமது கருத்து. ஆயினும் இந்த வாதப் பிரதிவாதங்களின் நடுவே காத்திருக்கும் நேரத்துக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி போதிய கவனத்தைப் பெறவில்லை.

உண்மையில் அக்கேள்விக்குக் கலிபோர்னியாச் சட்டத்தில் ஏற்கனவே ஒரு பதில் இருந்தது. பயணக் கணக்கில் சம்பளம் பெறும் ஊழியருக்கு, அவர் ஓட்டாது காத்திருக்கும் நேரத்துக்கும் தனியாகச் சம்பளம் வழங்க வேண்டும் என 2016 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள விதி கூறுகின்றது. ஊழியராக இருந்த சாரதிகளின் ஓட்டாத நேரங்களுக்குச் சம்பளம் கொடுக்காத வழக்கில், 'வோல்மார்ட்' நிறுவனம் ஏறத்தாழ 54 மில்லியன் டொலர் செலுத்த வேண்டும் என்று 2016 இல் ஜூரிகள் அளித்த முடிவினை 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. ஆனால் அந்த விதி ஊழியருக்கே உரியது. ஒரே முற்றத்தில், ஒரே தாமதத்தினால், அருகருகே நிற்கும் இரு சாரதிகளில் கம்பனி வண்டி ஓட்டுபவருக்கு அந்த நான்கு மணித்தியாலங்களுக்கும் சம்பளம் உண்டு. சொந்த வண்டி ஓட்டுபவருக்கு, தரகரின் தயவிருந்தால் ஏதேனும் கிடைக்கும்.

தரகர் எவ்வளவு பெறுகின்றார் என்பதை அறியவும் சாரதிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சரக்கின் சொந்தக்காரர் செலுத்திய தொகையைக் காட்டும் பதிவேட்டைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்பது சமஷ்டி விதி. ஆனால் அந்த உரிமையைக் கைவிடுவதாகக் கையொப்பமிட்டால்தான் சரக்குக் கிடைக்கும் என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் சேர்க்கப்படுவது வழக்கமாகிவிட்டது. 2020 மே மாதம் சரக்குக் கூலி வீழ்ந்தபோது சாரதிகள் வொஷிங்டனில் வாரக்கணக்கில் வண்டிகளை நிறுத்திப் போராடியது இதனைக் கண்டித்தே. 2024 நவம்பரில் விதியை இறுக்குவதற்கான முன்மொழிவு வெளியிடப்பட்டது.

2025 இல் இன்னொரு விடயமும் சேர்ந்துகொண்டது. ஆங்கில அறிவு போதாத சாரதிகளை வீதியிலேயே சேவையிலிருந்து நிறுத்தும் நடைமுறை, ஜனாதிபதி ட்ரம்பின் ஏப்ரல் மாதக் கட்டளையையடுத்து ஜூன் 25 முதல் மீண்டும் அமுலுக்கு வந்தது. எல்லை வணிக வலயத்துக்குள் ஓடுவோருக்கு மட்டும் குற்றப்பத்திரம் எழுதினாற் போதும், வண்டியை நிறுத்த வேண்டியதில்லை என்று விலக்களிக்கப்பட்டது. வலயத்துக்கு வெளியே லொஸ் ஏஞ்சல்ஸ் வரை செல்லும், ஸ்பானிய மொழியையே தாய்மொழியாகக் கொண்ட சொந்த வண்டிச் சாரதிக்கு அந்த விலக்கு இல்லை. பாதுகாப்புக் கருதி வீதிப் பலகையை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் நாளாந்தம் வருமானம் தேடும் ஒருவரின் வண்டியை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவைத்தால் அவரது தவணைப் பணம் நிற்பதில்லை.

இந்த விபரங்கள் எமது வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. இலங்கையின் மிகப் பெரிய தனி ஏற்றுமதிச் சந்தை ஐக்கிய அமெரிக்காவே. எமது தொழிற்சாலைகளில் தைக்கப்படும் ஆடைகள் அந்நாட்டின் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும், அங்கிருந்து கடைவரை செல்வது இத்தகைய வண்டிகளிலேயே. கனடாவில் குடியேறிய எம்மவர்களிடையேயும் இத்தொழிலில் ஈடுபட்டோர் உள்ளனர். அந்நாட்டில் சாரதியையே ஒரு கம்பனியாகப் பதிவு செய்வித்து ஊழியர் உரிமைகளைத் தவிர்க்கும் 'டிரைவர் இன்க்' என்ற முறை பெரும் சர்ச்சைக்குரியதாக இருந்து வந்துள்ளது. வெளிநாட்டில் சொந்தமாக லொறி வாங்கப்போவதாக உறவினர் எவரேனும் தொலைபேசியில் கூறினால், வண்டியின் விலையை மட்டும் விசாரிக்காமல், காத்திருப்புக்குக் கூலி உண்டா, எத்தனை மணிக்குப் பின், யாருடைய கையொப்பத்துடன் என்பதையும் கேட்கச் சொல்லலாம்.

எல்லை நெரிசலைத் தணிப்பதற்கெனத் தற்போதைய வாயிலுக்குக் கிழக்கே ஒட்டாய் மேசா கிழக்கு என்னும் புதிய கடவை திட்டமிடப்பட்டு, 2022 ஆகஸ்டில் அதன் பணிகள் முறைப்படி ஆரம்பித்து வைக்கப்பட்டன. அதன் திறப்பு பலமுறை பின்தள்ளப்பட்டுள்ளது. இது கட்டணம் செலுத்திக் கடக்கும் வாயில். நெரிசலுக்கேற்பக் கட்டணத்தை ஏற்றியிறக்கி, காத்திருப்பைச் சராசரி 20 நிமிடங்களுக்குள் வைத்திருப்பது நோக்கம் எனத் திட்டத்தை முன்னெடுக்கும் சான் டியாகோ பிராந்திய அமைப்பு கூறுகின்றது. காத்திருப்புக்கு முதன்முறையாக வெளிப்படையான விலையொன்று குறிக்கப்படுகின்றது என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது. அந்தக் கட்டணம் சரக்கின் சொந்தக்காரருடைய பற்றுச்சீட்டில் சேருமா, அல்லது எல்லையைக் கடக்கும் சிறு வண்டிக்காரரின் கூலியிலிருந்து கழியுமா என்பதை அக்கடவையின் விதிகள் எதுவும் தீர்மானிக்கப் போவதில்லை. அது வழமைபோல் தரகரின் ஒப்பந்தத் தாளிலேயே எழுதப்படும்.